ஆலயக் கதவுகளைத் திறந்த பிள்ளை

வாலிபர் ஐக்கியங்களுக்கும் அவற்றை வழிநடத்துவோருக்கும் ஒரு வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதி: 1 சாமுவேல் 2:12-19; 3:1-18



வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டாலும் அவர் முதலாவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த மாதம் என்ன நிகழ்ச்சி வைக்கலாம்?" வினாடி வினா, பாட்டுப் போட்டி, விளையாட்டு விழா, சுற்றுலா, கிறிஸ்மஸ் கீதபவனி என்று பட்டியல் நீளுகிறது. இவற்றில் எதுவும் தவறானதல்ல. ஆயினும் ஆண்டுகள் பல கடந்தபின் திரும்பிப் பார்க்கையில், நிகழ்ச்சிகளெல்லாம் நன்றாகவே நடந்திருக்கின்றன, பிள்ளைகளைத்தான் காணவில்லை என்ற துக்கமான உண்மை பல சபைகளில் நம் முன் நிற்கிறது.

நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று என்பதே இந்தப் பாடத்தின் செய்தி. வாலிபருக்கு என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்பதல்ல, வாலிபரை நம்பி எந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்பதே அந்தக் கேள்வி.

சீலோவில் இருந்த சிறுவன்

சாமுவேலின் அழைப்பை நாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். கர்த்தர் கூப்பிட்டதும், அவன் ஏலியிடம் ஓடியதும், மறுமொழி சொல்ல ஏலி அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த அதிகாரத்தில் நாம் கவனியாமல் கடந்துவிடும் ஒரு சிறு செய்தி 15-ம் வசனத்தில் இருக்கிறது. தேவனுடைய சத்தத்தைக் கேட்ட அந்த இரவு முடிந்து விடியற்காலமானபோது சாமுவேல் செய்த முதல் வேலை என்ன? அவன் எழுந்து கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான்.

வேலைகளிலெல்லாம் சிறிய வேலை அது. ஆனால் அது அவனுடைய வேலையாயிருந்தது. அவன் திறவாவிட்டால் காலையில் வருகிறவர்கள் வெளியே காத்து நிற்பார்கள்.

அந்தக் காலத்தின் நிலைமையையும் கவனியுங்கள். தேவ வார்த்தை அபூர்வமாயிருந்த நாட்கள் அவை என்று முதல் வசனம் கூறுகிறது. ஆசாரியனாகிய ஏலியின் கண்கள் மங்கிப்போயிருந்தன. அவனுடைய குமாரர் இருவருக்கும் பதவி இருந்தது, பலிபீடத்தின் உரிமை இருந்தது. ஆனால் பயபக்தி இல்லை. பலியின் மாம்சத்தைப் பலவந்தமாய் எடுத்துக்கொண்டார்கள் என்று 2-ம் அதிகாரம் சொல்லுகிறது. அதே கூரையின் கீழ் ஒரு சிறுவன் பதவி ஏதுமின்றி வேலை செய்துகொண்டிருந்தான். தேவன் பேசியபோது அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில் அவன் படுத்திருந்தான். அவன் வேலை அவனை அங்கே வைத்திருந்தது.

இங்கே மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளுகிறோம். முதலாவது, சாமுவேலுக்கு ஆலயத்தில் ஒரு வேலை இருந்தது. இரண்டாவது, அவனுக்கு அருகில் ஒரு மூத்தவர் இருந்தார். கண் மங்கியிருந்தும், பிள்ளையைக் கூப்பிடுகிறவர் கர்த்தரே என்று கண்டுகொள்ளும் அறிவு அவருக்கு இருந்தது. மூன்றாவது, மறுநாள் காலையில் அந்த மூத்தவர் சிறுவனிடம், கேட்டதை ஒன்றும் மறைக்காமல் சொல் என்று கேட்டார். அது தமக்கே விரோதமான செய்தியாயிருந்தும் பொறுமையோடே கேட்டு ஏற்றுக்கொண்டார். வேலை, வழிகாட்டி, செவிகொடுத்தல் ஆகிய இம்மூன்றும் இருக்கும் இடத்தில் வாலிபர் தங்குவார்கள்.

எங்கள் எல்லையோரச் சபையில்

இதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. தவறு செய்து கற்றுக்கொண்டேன்.

நான் வாழும் வெள்ளறடை, திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் உள்ளது. ரப்பர் தோட்டங்களும் மரச்சீனித் தோட்டங்களும் நிறைந்த ஊர். சற்று நடந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. 1959-ல் தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர் பேராயமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என்று இரண்டாயிற்று. ஒரே குடும்பத்தின் அண்ணன் ஒரு மாநிலத்திலும் தம்பி மறு மாநிலத்திலுமாக இருப்பது எங்களுக்குப் புதிதல்ல.

எங்கள் வாலிபர் ஐக்கியத்துக்குச் சில ஆண்டுகள் நான் தலைவனாயிருந்தேன். டிசம்பர் மாதத்தில் கீதபவனிக்கு நாற்பது பேர் வருவார்கள். ஜனவரி மாதத்து வேதபாடத்துக்கு ஆறு பேர் வருவார்கள். குறையைச் சரிசெய்ய நாங்கள் நிகழ்ச்சிகளைக் கூட்டினோம். ஓராண்டு சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தோம், பேருந்து நிறைந்தது. அடுத்த ஞாயிறு பார்த்தால் அதே ஆறு பேர்.

முன்பு ஒழுங்காய் வந்துகொண்டிருந்த ஒரு தம்பி வராமற்போனான். விடியுமுன் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பகலில் பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் வழியில் கண்டு, ஏன் வருவதில்லை என்று கேட்டேன். அவன் கோபப்படாமல் சொன்ன பதில் இன்றும் என் உள்ளத்தில் நிற்கிறது: "அண்ணா, நான் வராவிட்டால் அங்கே எதுவும் நின்றுபோவதில்லையே."

அந்த வார்த்தை என்னைக் குத்திற்று. அவன் சொன்னது உண்மை. நாங்கள் அவனுக்கு ஒரு நாற்காலியை வைத்திருந்தோம். ஒரு வேலையை வைத்திருக்கவில்லை.

அம்மச்சியின் வேதாகமம்

அந்நாட்களில் எங்கள் சபையில் ஒரு மூதாட்டி இருந்தார். கண்ணில் பார்வை மங்கி, நடக்கவும் இயலாமல் வீட்டோடிருந்தார். நான் பார்க்கச் சென்றபோது, பழைய தமிழ் வேதாகமம் ஒன்று மூடினபடியே அவர் மடியில் இருந்தது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் படித்தது மலையாளம். தமிழ் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். "யாராவது ஒரு அதிகாரம் வாசிச்சுத் தந்தால் போதும் மக்களே" என்றார் அம்மச்சி.

இதன் வரலாற்றை வெளியூர் வாசகர்கள் அறிவது நல்லது. தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. மலையாளத்தில் பெஞ்சமின் பெய்லியின் புதிய ஏற்பாடு 1829-லும் முழு வேதாகமம் 1841-லும் வெளிவந்தன. லண்டன் மிஷன் ஊழியம் 1806-ல் மயிலாடியில் ரிங்கல்தௌபேயாலும் மகாராசன் வேதமாணிக்கத்தாலும் தொடங்கி மேற்கே பரவியபோது சபைகளுக்குக் கிடைத்த வேதம் தமிழ் வேதமே. ஆகவே எல்லைக்கு இப்பாலுள்ள எங்கள் முன்னோரில் அநேகர் தமிழிலேயே ஜெபித்தார்கள், தமிழிலேயே பாடினார்கள். பள்ளிக்கூடம் மலையாளமானபின் பிள்ளைகளுடைய மொழி மாறியது. இது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் ஒரே வீட்டில் பாட்டியின் வேதாகமம் பேரனுக்குத் திறவாத கதவாயிற்று.

அடுத்த கூட்டத்தில் நான் நிகழ்ச்சி எதையும் அறிவிக்கவில்லை. அம்மச்சி கேட்டதை மட்டும் சொன்னேன். அதுபோல வீட்டோடிருக்கும் முதியோர் நம் சபையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டு வீடுகள் வந்தன. உற்சாகத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் வருவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். மூன்றாம் வாரத்திலேயே தவறிவிட்டோம். ஒரு வீட்டில் பெரியவர் வெள்ளைச் சட்டை உடுத்தி, திண்ணையில் அந்தி மயங்கும்வரை காத்திருந்தாராம். அதைக் கேட்டபோது வெட்கப்பட்டோம். கூடிப் பேசி, ஐந்து வீடுகள் மட்டும் என்று குறைத்துக்கொண்டோம்; வர இயலாதென்று மற்ற வீட்டாரிடம் நேரில் சென்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

மொழிப் பிரச்சனைக்கு வழியை அம்மச்சியே கண்டார். பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். தவறும் இடத்தில் அவர் மனப்பாடத்திலிருந்து திருத்துவார். சங்கீதங்கள் அவருக்கு அத்தனை பழக்கம். அவர் கண்ணுக்குப் பதில் பிள்ளைகளின் கண். பிள்ளைகளின் தமிழுக்குப் பதில் அவருடைய தமிழ். ஏலியும் சாமுவேலும் ஒரே விளக்கின் அருகில் இருந்ததை நான் அங்கே கண்டேன்.

வராமற்போயிருந்த அந்தத் தம்பியிடமும் ஒரு வீட்டை ஒப்படைத்தோம். முதலில் தயங்கினான், பின்பு ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தவறாமல் போனான். ஒருநாள் மழை பெரிதாய்ப் பெய்தபோது இன்று போகவேண்டாமே என்றேன். "இல்லை அண்ணா, அவர்கள் காத்திருப்பார்கள்" என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்தான். நிகழ்ச்சிகளால் ஆகாதது இதனால் ஆயிற்று. எல்லாரும் நிலைத்து நின்றார்கள் என்று சொல்லமாட்டேன். இருவர் இடையில் நின்றுவிட்டார்கள். சிலர் செவிலியர் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். அந்தத் தம்பியும் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். ஆனால் அவன் போகுமுன், அவன் வாசித்துக்கொடுத்த பெரியவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை நாளில் அந்த வீட்டார் வேறு யாரிடமும் கேட்கவில்லை. வேதபகுதியைத் தமிழில் வாசிக்கும்படி அவனையே அழைத்தார்கள்.

ஒரு பழைய சங்கம் கற்பித்தது

வாலிபரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் இந்த முறை புதிதல்ல. நம்மில் பலருடைய சபைகளில் சி.இ. என்று அழைக்கப்படும் கிறிஸ்தவ முயற்சி சங்கத்தின் பிறப்பே இதற்குச் சாட்சி.

1881-ம் ஆண்டு அமெரிக்காவில் மெயின் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்னும் இளம் போதகர் ஒரு கவலையோடிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் சபையின் வாலிபர் பலர் மனந்திரும்பியிருந்தார்கள். உற்சாகம் தணிந்தபின் இவர்களை எவ்வாறு நிலைநிறுத்துவது என்பதே அவர் கவலை. பிப்ரவரி 2 அன்று அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து ஓர் உடன்படிக்கையை வாசித்தார். ஒவ்வொரு வாரமும் கூட்டத்திற்கு வரவேண்டும். பாடுவதோடு நில்லாமல் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பங்கை ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். கேட்டவர்கள் திகைத்து மௌனமானார்கள். இத்தனை கடினமானதை வாலிபர் ஏற்பார்களா என்ற சந்தேகம் எழுந்தது. ஆயினும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்வந்து கையொப்பமிட, மற்றவர்களும் தொடர்ந்தார்கள்.

அந்தச் சிறு சங்கம் உலகமெங்கும் பரவிற்று. அதன் உலக மாநாடு 1909-ல் நம் நாட்டின் ஆக்ராவிலேயே கூடியது. தென் திருவிதாங்கூர் சபைகளிலும் அது வேரூன்றி இன்றும் தொடர்கிறது. அதன் அமைப்பில் இரண்டு காரியங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, உறுப்பினர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள். வராதவர்களைத் தேடிச் செல்வதற்கென்றே ஒரு குழு இருந்தது. மற்றொன்று, மாதம் ஒருமுறை அர்ப்பணிப்புக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயரும் வாசிக்கப்படும். அவரவர் தம் வாயால் பதிலளிக்கவேண்டும். ஒருவரும் கூட்டத்தில் மறைந்துகொள்ள இயலாது. ஒருவர் இல்லாததும் மறைக்கப்படாது.

பாரம் பிறந்த விதம்

கண்ணால் கண்ட தேவையே வாலிபர் உள்ளத்தில் பாரத்தை உண்டாக்குகிறது என்பதற்கு நம் நாட்டு மிஷனெரி வரலாறு சாட்சி கூறுகிறது.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா, கிறிஸ்தவ வாலிபர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யின் செயலராயிருந்தபோது 1902-ல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்த முயற்சியால் பிற இடத்தில் நற்செய்தி ஊழியத்தைத் தாங்குவதைக் கண்டார். நம் திருநெல்வேலி ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வியோடு திரும்பினார். மறு ஆண்டு, 1903 பிப்ரவரி மாதத்தில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. யாழ்ப்பாணத்துக்குச் சென்றபோது அவருக்கு வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

எங்கள் பகுதிக்கு அண்மையில் இன்னொரு சாட்சி உண்டு. 1922-ல் எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற குழுவில் ஹோவர்ட் சோமர்வெல் என்னும் இளம் அறுவை மருத்துவர் இருந்தார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். திரளான நோயாளிகளும் வேலைப்பளுவில் தவிக்கும் ஒரு மருத்துவருமாக அங்கே கண்ட காட்சி அவரை மாற்றிற்று. லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு மறு ஆண்டே நெய்யூருக்கு ஊழியராக வந்தார். எங்கள் ஊருக்கு அருகில் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரை மாற்றியது ஒரு பிரசங்கம் அன்று; கண்ணால் கண்ட தேவை.

1950-களின் இறுதியில், விடுமுறை வேதாகமப் பள்ளி ஊழியத்தில் ஈடுபட்ட தமிழ் வாலிபர்கள் சிறு குழுக்களாய்க் கூடி ஜெபித்ததிலிருந்துதான் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவும் தோன்றிற்று. ஏப்ரல், மே மாத வெயிலில் சிறுபிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கற்பித்தவர்கள் அவர்கள். சிறிய வேலையைச் செய்துகொண்டிருந்த கைகளையே கர்த்தர் பெரிய வேலைக்கு எடுத்தார்.

திட்டமிடும் முறை

இனி, உங்கள் சபையில் இதை எவ்வாறு தொடங்குவது? ஐந்து படிகளைச் சொல்லுகிறேன்.

1. தேவையைக் கண்டறியுங்கள். முதல் மாதம் எதையும் அறிவிக்கவேண்டாம். வாலிபர் இருவர் இருவராய்ச் சென்று சபையையும் ஊரையும் பார்த்து வரட்டும். வீட்டோடிருக்கும் முதியோர், படிப்பில் பின்தங்கும் பிள்ளைகள், புதிதாய் ஊருக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர், கவனிப்பாரற்ற கல்லறைத் தோட்டம், ஒழுங்கற்றுக் கிடக்கும் பழைய சபைப் பதிவேடுகள் என்று கண்டதை எழுதி வரட்டும். கூடி வாசித்து, ஜெபித்து, ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

2. ஒவ்வொருவருக்கும் பெயரிட்ட ஒரு வேலையைக் கொடுங்கள். "எல்லாரும் சேர்ந்து செய்வோம்" என்பது யாரும் செய்யாததற்கு மறுபெயர். ஆலயக் கதவைத் திறப்பது, விளக்குகளைக் கவனிப்பது, வராதவரைத் தேடுவது, கணக்கு எழுதுவது, முதியோருக்கு வாசிப்பது என்று ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயர் இருக்கட்டும். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பேசாமல் செய்யும் வேலை உண்டு. ஐந்து வாற்கோதுமை அப்பங்களை வைத்திருந்த பையன் யோவான் 6-ம் அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

3. இயன்ற அளவே வாக்களியுங்கள். எங்கள் பன்னிரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் என்று எல்லை வகுத்தால் தேர்வுக்குப் படிக்கிறவனும் வேலைக்குப் போகிறவளும் பங்கேற்க முடியும். விடியற்காலம் ரப்பர் வெட்டுகிறவனை இரவு வெகுநேரம் வரை கூட்டத்தில் உட்காரவைப்பது அன்பல்ல.

4. வேதத்தையும் வேலையையும் பிரிக்காதிருங்கள். மாதத்தில் முதல் வாரம் வேதபாடம். இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் ஒப்புக்கொண்ட ஊழியம். நான்காம் வாரம் கண்டதையும் கேட்டதையும் பகிர்ந்து ஜெபிக்கும் அர்ப்பணிப்புக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். நோயுற்ற ஒருவரைக் கண்டுவந்தபின் யோபுவின் புத்தகத்தை வாசித்துப் பாருங்கள். அதற்குமுன் எழாத கேள்விகள் எழும். ஐந்தாம் ஞாயிறு வரும் மாதத்தில் கைப்பந்து விளையாடுங்கள். சேர்ந்து உழைத்தவர்கள் சேர்ந்து விளையாடும்போது அந்த மகிழ்ச்சியே வேறு.

5. பொறுப்பைக் கைமாற்றுங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை வேலைகள் மாறட்டும். ஒவ்வொருவரும் தமக்கு இளையவர் ஒருவரைப் பழக்கிவிட்டே விலகட்டும். வேலைக்காக ஊரை விட்டுப் போகும் பிள்ளைகள் மிகுந்த எங்களைப் போன்ற சபைகளுக்கு இது மிகவும் அவசியம்.

தனியே செய்ய இயலாததை மற்றவரோடு சேர்ந்து செய்யுங்கள். கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பராமரிப்பு, பாலியேட்டிவ் என்ற பெயரில் இன்று ஊர்தோறும் பேசப்படுகிறது. 2008-ல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. உள்ளாட்சி மன்றங்களின் வழியாகச் செவிலியர் நோயாளிகளின் வீடு தேடிச் செல்லுகின்றனர். பயிற்சி பெற்ற தன்னார்வத் தொண்டர்களுக்கு அதில் இடமுண்டு. சாதி, மதம் பாராமல் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து படுக்கையிலிருப்பவரைப் பராமரிக்கும் வாலிபன் நல்ல சமாரியனின் உவமையைப் புத்தகமின்றியே கற்றுக்கொள்கிறான். எங்கள் மலையில் தவக்காலத்தில் குரிசுமலைப் பயணிகள் திரள்வார்கள். அவர்கள் சென்றபின் வழியிலே கிடக்கும் நெகிழிக் குப்பையை அகற்றுவதும் ஒரு ஊழியமே. உங்கள் ஊரில் உங்களுக்கென்று ஒன்று இருக்கும்.

எச்சரிப்பின் வார்த்தைகள்

நல்ல வேலையும் கவனக்குறைவால் கெட்டுப்போகும். ஆகையால் சிலவற்றைத் தாழ்மையாய் நினைவூட்டுகிறேன்.

எந்த வீட்டுக்கும் ஒருவர் தனியாய்ச் செல்லக்கூடாது, இருவராய்ச் செல்லவேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் சம்மதமும், உடன்செல்ல நம்பத்தக்க பெரியவர் ஒருவரும் வேண்டும். நோயுற்றோரையும் வறியோரையும் கைபேசியில் படமெடுத்துப் பிறருக்கு அனுப்பக்கூடாது. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கும்படி மத்தேயு 6-ம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் பேசக்கூடாது. பணம் சேர்ந்தால் கணக்கு இருவர் கையில் இருக்கட்டும். மாதந்தோறும் சபைக்கு அறிவிக்கட்டும். உதவியைக் காட்டி ஒருவரையும் வற்புறுத்தக்கூடாது. அன்பு தூண்டிலாக மாறினால் அது அன்பல்ல.

மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை

வாலிபர் பொறுப்பற்றவர்கள் என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். பொறுப்பைக் கொடுத்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நாற்காலிகளை அடுக்கவும் தோரணம் கட்டவும் பிள்ளைகளை அழைக்கிறோம். தீர்மானம் எடுக்கும்போது அவர்களை அனுப்பிவிடுகிறோம். அவர்கள் செய்வதில் பிழை வரும். அம்மச்சி எழுத்துக்கு எழுத்து திருத்தினாரே, ஒருநாளாவது "உனக்கு வாசிக்கத் தெரியவில்லை, போ" என்று சொல்லவில்லை. ஏலியும் நடுராத்திரியில் மூன்றுமுறை எழுப்பப்பட்டான். சலித்துக்கொண்டதாக வேதம் கூறவில்லை.

இன்னும் ஒன்று. வாலிபர் கண்டுவந்து சொல்லும் செய்தி சில வேளை நமக்கு விரோதமாயிருக்கும். இன்ன வீட்டை நாம் பத்தாண்டாக எட்டிப் பார்க்கவில்லை என்று அவர்கள் சொல்லலாம். ஏலியைப் போலக் கேட்டு ஏற்றுக்கொள்ளும் மூத்தவர்கள் இருந்தால், அடுத்த சாமுவேல் நம் சபையிலேயே வளருவான்.

ஆம், அருமையானவர்களே, அடுத்த வாலிபர் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலை எழுதுமுன் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். உங்கள் ஆலயத்தின் சாவி இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அதை ஞாயிறு காலையில் ஒரு வாலிபன் கையில், அல்லது ஒரு வாலிபப் பெண்ணின் கையில் கொடுத்து, "நீ திறந்தால்தான் நாங்கள் உள்ளே வருவோம்" என்று சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்

1. ஏலியின் குமாரருக்கும் சாமுவேலுக்கும் இடையே 1 சாமுவேல் 2-ம் அதிகாரம் காட்டும் வேறுபாடுகள் யாவை?

2. உங்கள் ஐக்கியத்தில் யார் வராவிட்டால் எது நின்றுபோகும்? நின்றுபோவது ஒன்றுமில்லையானால் அதன் காரணம் என்ன?

3. உங்கள் சபையில் வேதாகமம் மூடிக்கிடக்கும் வீடு எது? அதைத் திறந்து வாசிக்க யார் போவார்கள்?

4. நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எதையேனும் உங்கள் ஐக்கியம் கொடுத்திருக்கிறதா? அதைச் சரிசெய்ய என்ன செய்யவேண்டும்?

5. அடுத்த ஆறு மாதங்களுக்கு நீங்கள் ஏற்கும் ஒரே ஒரு பொறுப்பை எழுதி, அதற்கு எதிரில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

ஜெபம்

பரலோகப் பிதாவே, எங்கள் பிள்ளைகளை நாங்கள் பார்வையாளராய் அமரவைத்த நாட்களை எங்களுக்கு மன்னியும். அவர்கள் கைகளில் சிறிய வேலைகளை நம்பிக்கையோடே ஒப்படைக்க எங்களுக்குத் தைரியம் தாரும். கண் மங்கினவர்களுக்கு அவர்கள் கண்ணாயிருக்கவும், காத்திருப்போரிடம் தவறாமல் போய்ச் சேரவும் அவர்களுக்குப் பெலன் தாரும். அந்த வேலையின் நடுவே உம்முடைய சத்தத்தை அவர்கள் கேட்கட்டும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.